திறந்த வால்வும் சுருங்கிய நாடியும்



சத்திரசிகிச்சைக் கூடமொன்றின் வெளிவாங்கில் ஒரு குடும்பம் காத்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அக்குடும்பத்தின் தாயாருக்குப் பழுதுற்ற இருதய வால்வு நீக்கப்பட்டுப் புதிய வால்வொன்று பொருத்தப்படுகின்றது. பல மணி நேரம் கழிந்தபின் சத்திரவைத்தியர் வெளியே வந்து, வால்வு நன்கு பொருந்திவிட்டதென்றும் இருதயம் தானாகவே துடிக்கத் தொடங்கிவிட்டதென்றும் கூறிச் செல்கின்றார். வாங்கில் இருந்தவர்கள் அப்பொழுதுதான் ஒரு வாய் தேநீர் அருந்துகின்றனர். ஆனால், அன்றிரவே அத்தாயாரின் குருதியமுக்கம் திடீரென வீழ்கின்றது. மின்வரையத்தின் கோடு, மாரடைப்புக் கண்டவர்க்கு எழுவது போல மேலெழுகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படத்திலோ, இருதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளில் யாதோர் அடைப்பும் இருக்கவில்லை. வால்விலும் குறையில்லை. அவ்வாறாயின், இருதயம் ஏன் மூச்சுத் திணறுகின்றது?

இவ்வினாவுக்கு இன்று வைத்தியர்கள் நினைவிற் கொள்ளும் விடைகளுள் ஒன்று, முடியுரு நாடியின் இசிவு என்பதாகும். அடைப்பு எதுவுமின்றி, நாடியின் சுவரிலுள்ள தசை தானே இறுகி, குருதி செல்லும் வழியை மூடிவிடுதலையே இசிவு என்கின்றோம். இஃது அடிக்கடி நிகழ்வதன்று, அரிதாகவே நேர்வது. ஆயினும், நேரும்பொழுது ஓர் உயிர் சில நிமிடங்களின் எல்லைக்குள் வந்து நின்றுவிடுகின்றது. நான் வைத்தியனல்லேன், வரலாறு படித்து, அதனையே படிப்பித்து வருபவன். எனவே மருந்து கூறுவதற்கு நான் இங்கு வரவில்லை. அந்த விடையை மனிதர் எவ்வாறு ஒருமுறை கண்டு, பின் கைவிட்டு, மீண்டும் கண்டெடுத்தனர் என்னும் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

கதைக்குள் நுழையுமுன் இருதயத்தின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்வோம். குளமும் வயலும் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். குளத்து நீரைத் திறந்தும் மறித்தும் விடுவதற்குத் துருசு உண்டு. இருதயத்தினுள்ளும் அவ்வாறு நான்கு வால்வுகள் உள்ளன. குருதியை முன்னோக்கிச் செல்லவிட்டு, பின்னோக்கித் திரும்பாமல் அவை மறிக்கின்றன. துருசு துருவேறித் திறவாதுபோனால் நீர் தேங்கும்; மூடாதுபோனால் நீர் வீணே பாயும். வால்வு நோய்களும் இவ்விரு வகையினவே. ஆனால், உடல் முழுவதற்கும் குருதியை இறைக்கும் இருதயத் தசைக்கும் உணவு வேண்டுமல்லவா? அதற்கெனப் பெருநாடியின் அடியிலிருந்து இரண்டு நாடிகள் கிளைத்து, முடி சூட்டியது போல இருதயத்தைச் சூழ்ந்து செல்கின்றன. அவையே முடியுரு நாடிகள். துருசு ஒருபுறம், வாய்க்கால் மறுபுறம். இரண்டும் வெவ்வேறானவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவை பற்றிய அறிவும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தது. எனினும், இரண்டு வழிகளின் தொடக்கத்திலும் நாம் ஒரே மனிதரைச் சந்திக்கின்றோம்.

அம்மனிதரைக் காணுமுன் நோயின் பெயரைக் காண வேண்டும். 1768 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் என்பார் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்பொழுது, சிறப்பாக மேட்டில் ஏறும்பொழுது, நெஞ்சை நெரிப்பது போன்ற வேதனை தோன்றி, நின்றவுடன் மறையும் ஒரு நோயை அவர் விவரித்தார். நெஞ்சு நெரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரையும் அதற்கு இட்டார். அந்நோய்க்குக் காரணம் யாதென்பதை அவர் அறிந்திலர். நோயாளிக்குக் கொடுப்பதற்கு அபினும் மதுவும் ஓய்வுமன்றி வேறொன்றும் அக்காலத்தில் இல்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது.

1867 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகர வைத்தியசாலையில் தோமஸ் லோடர் பிரன்ரன் என்னும் இளம் வைத்தியர் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1844 இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்துமூன்று. அவருடைய விடுதியில் ஒரு நோயாளி இருந்தார். ஒவ்வோர் இரவும், பெரும்பாலும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அவருக்குக் கொடிய நெஞ்சுவலி வந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. மருந்துகள் பயன்படவில்லை. பிரன்ரன் வலி வரும் வேளையிற் கட்டிலருகே இருந்து, நாடித்துடிப்பைக் கருவியினாற் பதிவு செய்தார். வலி ஏறும்பொழுது குருதியமுக்கமும் ஏறுவதையும், சிறிது குருதியை வெளியே எடுத்தபோது வலி தணிவதையும் கவனித்தார். குருதிக் குழாய்கள் இறுகுவதே வேதனைக்குக் காரணம், அவற்றைத் தளர்த்தினால் வேதனை நீங்கும் என்று அவர் ஊகித்தார்.

அமைல் நைத்திரைற்று என்னும் திரவத்தின் ஆவியை முகர்ந்தால் முகம் சிவந்து குழாய்கள் விரியும் என்பது அக்காலத்து ஆய்வாளர் சிலர்க்குத் தெரிந்திருந்தது. பிரன்ரன் அத்திரவத்தில் ஐந்து முதல் பத்துத் துளிகளை ஒரு துணியில் இட்டு நோயாளியை முகரச் செய்தார். ஒரு நிமிடத்திற்குள் வலி நீங்கிவிட்டது. நூறு ஆண்டுகளாகக் கையறு நிலையில் இருந்த வைத்தியம், ஒரு துணித்துண்டினால் விடுதலை பெற்றது. நடக்கும்பொழுது அன்றி, இரவில் அசையாது படுத்திருக்கும்பொழுதே அந்நோயாளிக்கு வலி வந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். அதன் பொருள் பின்னர் விளங்கும்.

பிரன்ரனைத் தொடர்ந்து, 1879 இல் இலண்டனில் வில்லியம் மரல் என்பவர் நைத்திரோகிளிசரினை இந்நோய்க்கு மருந்தாக அறிமுகம் செய்தார். 1847 இல் இத்தாலியின் தூரின் நகரில் சொப்றேரோ என்னும் இரசாயன அறிஞர் ஆக்கிய பொருள் அது. அல்பிரெட் நோபல் அதனைக்கொண்டே வெடிமருந்து செய்து பெருஞ்செல்வர் ஆனார். மலையைப் பிளக்கும் பொருள், மிகச் சிறிய அளவில் நாவின்கீழ் வைக்கப்பட்டால் நெஞ்சின் இறுக்கத்தைத் தளர்த்தியது. நோபலுக்கே முதுமையில் இருதய நோய் கண்டபொழுது, 1896 இல் வைத்தியர்கள் அம்மருந்தையே விதித்தனர். அந்த வேடிக்கையை நோபல் தம் நண்பருக்குக் கடிதத்திற் குறிப்பிட்டிருக்கின்றார்.

இனி, அதே பிரன்ரனை மற்றொரு வழியின் வாயிலிற் காண்போம். 1902 ஆம் ஆண்டில், ஐம்பத்தெட்டு வயதை அணுகிக்கொண்டிருந்த அவர், இலண்டனில் வெளிவரும் 'லான்செற்' என்னும் வைத்திய ஏட்டில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். மூட்டுவாதக் காய்ச்சலின் பின்விளைவாக இருதயத்தின் இடப்பக்க இருகூர் வால்வு ஒட்டிக் குறுகிவிடும். அத்தகைய நோயாளர் இளமையிலேயே மூச்சுமுட்டி இறப்பர். அக்குறுகிய வால்வைக் கத்தியால் விரித்துவிட முடியாதா என்று அவர் கேட்டார். விலங்குகளின் இருதயங்களிலும் இறந்தோரின் இருதயங்களிலும் தாம் முயன்று பார்த்ததாகவும் எழுதினார். அவர் தாமே கத்தி எடுத்தவரல்லர். எடுக்கக்கூடியோர் சிந்திக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அதற்குக் கிடைத்த பரிசு கண்டனமே. அதே ஏடு தன் ஆசிரிய உரையில் அவரைக் கடிந்தது. பிரன்ரன் 1916 இல் காலமானார். தம் வேண்டுகோள் நிறைவேறக் காணவில்லை.

அவருக்குப் பின் இவ்விரு வழிகளும் தனித்தனியே சென்றன. முதலில் வால்வின் வழியைப் பின்பற்றுவோம்.

1923 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எலியற் கட்லர் என்பார் ஒரு சிறுமியின் இருதயத்தினுட் கத்தியைச் செலுத்திக் குறுகிய வால்வை வெட்டினார். அச்சிறுமி நான்கரை ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாள். ஆனால், அவருக்குப் பின்வந்த நோயாளர் ஒருவர் பின் ஒருவராக இறக்கவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. 1925 இல் இலண்டனில் ஹென்றி சூற்றர், இருதயத்தின் மேலறையில் சிறு துளையிட்டுத் தம் விரலையே உள்ளே விட்டு, ஓர் இளம்பெண்ணின் வால்வை விரித்தார். அப்பெண் பிழைத்து வீடு சென்றாள். எனினும் வேறெந்த வைத்தியரும் சூற்றரிடம் இன்னொரு நோயாளியை அனுப்பவில்லை. நோய் இருதயத் தசையில் உள்ளதேயன்றி வால்வில் இல்லை என்னும் கொள்கை அந்நாளில் அவ்வளவு வலிமை பெற்றிருந்தது. வெற்றி பெற்ற ஒரு சிகிச்சை இருபத்துமூன்று ஆண்டுகள் தூங்கிற்று.

அத்தூக்கத்தைக் கலைத்தது உலகப்போர். 1944 அளவில் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கப் படை வைத்தியசாலையில் துவைற் ஹார்கன் என்னும் சத்திரவைத்தியர், போர்வீரரின் நெஞ்சின் நடுவிலிருந்து 134 குண்டுத் துண்டுகளை அகற்றினார். அவற்றுட் சில இருதய அறைகளினுள்ளேயே கிடந்தவை. ஒருவர்கூட இறக்கவில்லை. இருதயத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்ற அச்சம் அங்கே தகர்ந்தது.

போர் முடிந்தபின், 1948 யூன் 10 ஆம் நாள் பிலடெல்பியா நகரில் சாள்ஸ் பெய்லி வால்வு விரிக்கும் சிகிச்சையில் வெற்றி கண்டார். அவருடைய முந்திய நோயாளர் நால்வரும் இறந்திருந்தனர்; நான்காமவர் இறந்தது அன்று காலையிலேயே. பிற்பகலில் மற்றொரு வைத்தியசாலைக்குச் சென்று ஐந்தாமவருக்குச் சிகிச்சை செய்தார். அந்நோயாளி பிழைத்தார். பெய்லியின் துணிவைப் போற்றுவதா, அஞ்சுவதா என்று இன்றும் எண்ணத் தோன்றுகின்றது. ஆறு நாட்கள் கழித்து யூன் 16 இல் ஹார்கனும், செப்டெம்பரில் இலண்டனில் றசல் புறொக்கும் அதே வெற்றியை அடைந்தனர். 1953 இல் ஜோன் கிபன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சற்று நேரம் தானேற்கும் இயந்திரத்தைக் கொண்டு ஓர் இளம்பெண்ணுக்கு வெற்றியுடன் சிகிச்சை செய்தார். அதன்பின் இருதயத்தை நிறுத்தி, திறந்து, கண்ணாற் பார்த்தே வேலை செய்ய முடிந்தது.

1960 மார்ச்சில் ஹார்கன் பெருநாடி வால்வின் இடத்திலே செயற்கை வால்வைப் பொருத்தினார். அதே மாதத்தில் நினா புறோன்வால்ட் என்னும் பெண் சத்திரவைத்தியர் தம் கையாலேயே ஆக்கிய இருகூர் வால்வைப் பொருத்தினார். அதே ஆண்டில் ஒறிகன் மாநிலத்தில் அல்பேட் ஸ்ரார் என்னும் சத்திரவைத்தியரும், ஓய்வுபெற்ற பொறியியலாளரான லோவெல் எட்வேட்சும் சேர்ந்து, கூட்டினுள் உருளும் பந்து வடிவான வால்வொன்றை ஆக்கினர். அதனைப் பெற்ற முதல் நோயாளி குருதியிற் புகுந்த காற்றுக் குமிழியினால் இறந்தார். இரண்டாமவர் பத்தாண்டுகள் நலமாக வாழ்ந்து, வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். பிரன்ரன் 1902 இற் கேட்ட வினாவுக்கு இவ்வாறு அரை நூற்றாண்டில் முழு விடை கிடைத்தது.

இனி நாடியின் வழிக்குத் திரும்புவோம். அங்கே நடந்தது இதற்கு மாறானது. வால்வுச் சிகிச்சை நிந்தையிலே தொடங்கி வெற்றியில் முடிந்தது. இசிவுக் கொள்கையோ மதிப்புடன் தொடங்கிப் பின்னர் ஏளனத்துக்கு ஆளாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் பேசும் உலகின் தலைசிறந்த வைத்தியராக மதிக்கப்பட்ட வில்லியம் ஒஸ்லர், 1910 இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் நெஞ்சுவலிக்கு நாடியின் இசிவும் காரணமாகலாம் என்று கூறினார். ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1912 இல், சிக்காகோ நகர வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், முடியுரு நாடியிற் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதை விளக்கி எழுதினார். அதன்பின் பிரேதபரிசோதனை செய்தோர் இறந்தவர்களின் நாடிகளை வெட்டிப் பார்த்தனர். கொழுப்பும் சுண்ணமும் படிந்த அடைப்புகளைக் கண்டனர். கண்ணுக்குத் தெரிந்த காரணம் இருக்க, காணாத இசிவை ஏன் நம்ப வேண்டும்? இசிவு என்பது காரணம் அறியாதோர் சொல்லும் சாட்டு என்ற எண்ணம் 1940 ஆம் ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இசிவு உயிருள்ள தசையின் செயல். உயிர் பிரிந்தபின் இறுகிய நாடி இறுகியபடியே நின்று நமக்குச் சான்று கூறுவதில்லை. எனவே, பிரேதபரிசோதனை என்னும் நீதிமன்றத்தில் இசிவு ஒருபோதும் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. சாட்சி வராமையைக் கொண்டு நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தனர். ஏட்டுச் சான்று இல்லாத மக்களுக்கு வரலாறே இல்லை என்று கூறுவோர் செய்யும் பிழையும் இதுவேயன்றோ?

உயிருள்ளவரின் நாடியைக் காணும் வழி தற்செயலாகத் திறந்தது. 1958 ஒக்டோபர் 30 ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர், இருபத்தாறு வயதுடைய ஓர் இளைஞரின் இருதயத்தை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்திற் குருதிவழியைத் துலக்கும் மருந்தைப் பெருநாடியினுட் செலுத்த முனைந்தபொழுது, மென்குழாயின் நுனி வழுவி வலது முடியுரு நாடியினுட் புகுந்துவிட்டது. மருந்து முழுவதும் அந்நாடிக்குள் பாய்ந்தது. அவ்வாறு பாய்ந்தால் இருதயம் நின்று ஆள் இறந்துவிடுவார் என்பதே அன்றைய நம்பிக்கை. இருதயம் சில நொடிகள் நிற்கவே செய்தது. சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார். இருமியதும் இருதயம் மீண்டும் துடித்தது. அச்சம் நீங்கியபின் சோன்ஸ் படத்தைப் பார்த்தார். நாடி கிளை கிளையாகத் தெளிவாகத் தெரிந்தது. உயிருள்ளவரின் முடியுரு நாடியைத் தனித்துத் துலக்கிய முதற்படங்களுள் ஒன்று அவ்வாறு கிடைத்தது. அந்த இளைஞர் மருத்துவரிடம் வந்தது நாடி நோய்க்காக அன்று. மூட்டுவாதக் காய்ச்சலினாற் பழுதுற்ற வால்வுக்காகவே. வால்வு நோயாளி ஒருவரே நாடியின் உலகத்தை நமக்குக் காட்டித் தந்தார்.

அடுத்த ஆண்டு, 1959 இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகர வைத்தியர் மைரன் பிரின்ஸ்மெற்றல் ஒரு புதுவகை நெஞ்சுவலியை விவரித்தார். உழைக்கும்பொழுது வராமல், ஓய்ந்திருக்கும்பொழுது வருவது. பெரும்பாலும் நாள்தோறும் ஒரே வேளையில் வருவது. வலியின்போது மின்வரையக் கோடு மேலெழுந்து, வலி நீங்கியதும் பழைய நிலைக்கு இறங்குவது. நாடிச் சுவரின் தசை தற்காலிகமாக இறுகுவதே இதற்குக் காரணமாக வேண்டும் என்று அவர் கருதினார். நேயர்களுக்கு எடின்பரோ விடுதியில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பற்றிக்கொண்டு எழுந்த அந்த நோயாளியின் நினைவு வருகின்றதா? தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வகை நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது.

ஊகத்தை உறுதியாக்கியவை படங்களே. 1973 இல் அமெரிக்க வைத்தியர்கள், வலி வந்திருக்கும் நேரத்திலேயே படமெடுத்து, நாடி இறுகி மூடுவதையும் நைத்திரோகிளிசரின் கொடுத்தபின் அது விரிவதையும் காட்டினர். இத்தாலியின் பீசா நகரில் அற்றிலியோ மசேரியும் அவருடைய துணைவரும் நோயாளரை இடையறாது கண்காணித்து, இசிவு மாரடைப்புக்கே வழிகோலலாம் என்பதை 1978 இல் எடுத்துரைத்தனர். யப்பானிய அறிஞரும் இத்துறையில் ஆழ்ந்து உழைத்தனர். அந்நாட்டு மக்களிடத்து இந்நோய் மேனாட்டாரைவிட மிகுதியாகக் காணப்பட்டதே அதற்குக் காரணம். ஏளனத்துக்கு ஆளான கொள்கை இவ்வாறு மீண்டும் அவையேறியது.

இப்பொழுது இரு வழிகளும் சந்திக்கும் இடத்திற்கு வந்துவிட்டோம். அடைபட்ட நாடிக்கு மாற்றுவழியாக, காலிலிருந்து எடுத்த நாளத்துண்டைத் தைத்துவிடும் சிகிச்சை 1967 முதல் கிளீவ்லாந்தில் ரெனே பவலோரோ என்னும் ஆர்ஜென்ரீன நாட்டவரின் முயற்சியாற் பரவியது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இருதயச் சத்திரசிகிச்சை பெற்றனர். அவர்களுட் சிலர், யாதொரு குறையும் காணப்படாதிருக்க, சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் நிலைகுலைந்தனர். 1981 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில், பிலடெல்பியாவைச் சேர்ந்த ஐவர் இதனை ஆராய்ந்து எழுதினர். மாற்றுவழிச் சிகிச்சை முடிந்த உடனேயே முடியுரு நாடி இசிவுகொண்டு குருதியோட்டத்தை நிலைகுலையச் செய்யலாம். அதனை இன்னவாறு அறியலாம், இன்னவாறு மாற்றலாம் என்பதே அவர்கள் கூற்று. வால்வு மாற்றியவர்களிடத்தும் இதே நிகழ்ச்சி பின்னர் பல நாடுகளில் அறிவிக்கப்பட்டது.

அந்த ஐவருள் ஒருவர் சத்திரவைத்தியர் ஆல்டன் ஹார்கன். போர்வீரரின் இருதயத்திலிருந்து குண்டுத் துண்டுகளை எடுத்தவரும், 1948 இல் வால்வை விரித்தவரும், 1960 இற் செயற்கை வால்வைப் பொருத்தியவருமான துவைற் ஹார்கனின் மகன் இவர். தந்தை இருதயத்தைத் திறக்கும் வழியைக் காட்டினார்; திறந்தபின் காத்திருக்கும் இடரொன்றை இனங்காண மகன் துணைநின்றார்.

சத்திரசிகிச்சையின் பின் இசிவு ஏன் நேர்கின்றது? ஒரே காரணம் என்று கூறுவதற்கில்லை. உடலைக் குளிர்வித்தல், பெருநாடியையும் இருதயத்தையும் கையாளுதல், குருதியிலுள்ள மக்னீசியம் குறைதல், செயற்கைச் சுவாசத்தினாற் கரியமிலவாயு அளவிற்கு மீறிக் குறைதல், உடல் அதிர்ச்சியினாற் பெருகும் சுரப்புகள், அமுக்கத்தை உயர்த்தக் கொடுக்கும் மருந்துகள், குருதிச் சிறுதட்டுகள் வெளிவிடும் பொருள்கள் ஆகிய பலவும் நாடியின் தசையைத் தூண்டி இறுக்க வல்லவை. தூயதென்று படத்திற் கண்ட நாடியும் இதற்கு விலக்கன்று.

வால்வு மாற்றியவரிடத்து வைத்தியரின் சோதனை இன்னும் கடியது. மின்வரையம் மேலெழுந்தால் அதற்கு இசிவு மட்டுமன்றி வேறு காரணங்களும் உண்டு. இருகூர் வால்வைத் தைத்த நூல் அருகே செல்லும் நாடியைச் சுருக்கியிருக்கலாம். பெருநாடி வால்வின் வளையம் நாடியின் வாயை மறைத்திருக்கலாம். திறந்த இருதயத்தில் எஞ்சிய காற்றுக் குமிழி நாடிக்குட் சென்றிருக்கலாம். நூலோ வளையமோ காரணமாயின் நெஞ்சை மீண்டும் திறக்க நேரலாம். இசிவாயின் மருந்தே போதும். தவறாகத் தீர்மானித்தால் இரண்டிலும் உயிருக்குக் கேடு. ஆகவேதான் சோன்ஸ் காட்டிய வழியில் விரைந்து படமெடுத்து, கண்ணாற் கண்டு தெளிகின்றனர்.

மருந்து கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீழ்ந்த குருதியமுக்கத்தை உயர்த்தும் மருந்துகளுட் சில, நாடிகளை மேலும் இறுக்கிவிடும். நாடியைத் தளர்த்தும் நைத்திரோகிளிசரினோ, வீழ்ந்த அமுக்கத்தை மேலும் வீழ்த்திவிடும். இரு பக்கமும் பள்ளமுள்ள வரம்பில் நடப்பது போன்ற நிலை அது. அதனால் மென்குழாயை இசிவுற்ற நாடியின் வாய்க்கே கொண்டுசென்று, மருந்தை அங்கேயே சிறிது சிறிதாகச் செலுத்துகின்றனர். வேண்டுமாயின் இயந்திரத்தின் துணையாற் குருதியோட்டத்தைத் தாங்கிக்கொள்கின்றனர். கல்சியம் தசைக்குட் புகுவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகளும் கைகொடுக்கின்றன. காலத்தில் இனங்கண்டால், மூடிக்கிடந்த நாடி சில நிமிடங்களில் விரிவதைத் திரையிற் காணலாம்.

நைத்திரோகிளிசரின் ஏன் நாடியைத் தளர்த்துகின்றது என்பது பிரன்ரனுக்கோ மரலுக்கோ தெரியாது. 1980 இல் அமெரிக்க அறிஞர் றொபேட் பேர்ச்கொற், குருதிக் குழாயின் உட்படலம் ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளரச் செய்கின்றது என்று காட்டினார். அப்பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவே எனப் பின்னர் தெளிவாயிற்று. நைத்திரோகிளிசரினும் உடலினுள் அதனையே வெளிவிடுகின்றது. இவ்வாராய்ச்சிக்காக 1998 இல் பேர்ச்கொற், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெடிமருந்தாற் சேர்ந்த செல்வத்திலிருந்து, அதே பொருளின் கருணையை விளக்கியவர்க்குப் பரிசு சென்றது.

நேயர்களே, இக்கதையில் இருவகைப் பிழைகளைக் கண்டோம். வால்வைத் தொடவே கூடாது என்றவர்கள், செய்துகாட்டிய சூற்றரையும் நம்பவில்லை. அவர்களுடைய பிடிவாதத்தால் இருபத்துமூன்று ஆண்டுகளில் மூச்சுமுட்டி மாண்ட இளையோர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. இசிவே இல்லை என்றவர்களோ, தாம் கண்ட உண்மையைக் கொண்டு தாம் காணாத உண்மையை மறுத்தனர். நாடியில் அடைப்பு உண்டு என்பது உண்மை. ஆயினும் அடைப்பு மட்டுமே உண்டு என்பது உண்மையன்று. கட்டிலருகே விழித்திருந்து, நோயாளி கூறியதைக் கேட்டு, கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்த ஓர் இளம் வைத்தியரின் குறிப்பு, அறிஞர் அவையின் தீர்ப்பைக் கடந்து நிலைத்தது.

இன்னுமொன்று. வால்வு மாற்றும் தேவையே பெரும்பாலும் மூட்டுவாதக் காய்ச்சலாற் பிறந்தது. மேனாடுகளில் அது பெரிதும் குறைந்துவிட்டது. நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் உள்ள நம் போன்ற நாடுகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பிள்ளைக்கு வரும் தொண்டை நோவிற் சிலவே அதன் வித்து. உரிய காலத்தில் வைத்தியரிடம் காட்டிப் பெனிசிலின் பெற்றால் அவ்வித்து முளையாது. ஒருமுறை காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வைத்தியர் விதித்த ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாது போட்டுவந்தால், இருதயம் காக்கப்படும். பாடசாலையில் ஊசி நாளன்று பிள்ளைக்கு விடுமுறை கொடுக்கத் தயங்கும் ஆசிரியர்களுக்கும், நோவில்லையே என்று ஊசியை நிறுத்திவிடும் பெற்றோர்க்கும் இதனைச் சொல்லிவைக்க விரும்புகின்றேன். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாங்கிற் காத்திருக்கும் வேளையை அது பல குடும்பங்களுக்கு இல்லாமற் செய்யும்.

அவ்வாங்கிலே காத்திருக்க நேர்ந்தவர்களுக்கு ஒரு சொல். உங்கள் தாயாரின் கட்டிலருகே இரவிலே விழித்திருந்து மின்வரையக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர், எடின்பரோ விடுதியில் விழித்திருந்த அந்த இளைஞரின் வழிவந்தவர். நாடி இசிவுகொள்ளலாம் என்பதை இன்று அவர் அறிவார். அறிந்திருப்பதனாலேயே நேரம் வீணாகாது அவர் கை மருந்தை நாடும்.